பீரோ வழியாக ஆஸ்பத்திரிக்கு

கல்யாணமாகி பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை இன்னதென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இங்கிலீஷ் வார்த்தைகளின் பூர்வீகத்தை எழுத வேண்டும். ஒரு வார்த்தைக்கு ஓர் அட்டை. வார்த்தை, அர்த்தம், எந்த வேரிலிருந்து வந்தது, பக்கத்தில் ஒரு சின்னப் படம். கிருஷ்ணகிரியில் தமிழ் மீடியத்தில் படித்த ஒருத்தி அந்த ஊர்ப் பிள்ளைக்கு அவன் பாஷையை வேரோடு பிடுங்கிக் காட்டுகிறாள். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ஏம்மா, அந்த ஊருல படிச்சவங்க யாரும் இல்லியா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

என் பங்குக்கு முதலில் வந்தது ஒரு குடும்பம். ஆங்ஷியஸ் என்றால் பதற்றம். ஆங்கர் என்றால் கோபம். ஆங்விஷ் என்றால் வேதனை. ஆஞ்சைனா என்றால் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் மார்வலி. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாயின் பெயர் 'அங்ஹ்'. எழுத்தே பிறக்காத காலத்து வேர் அது. அதை யாரும் எழுதியோ கேட்டோ பதிவு செய்யவில்லை. பேரப்பிள்ளைகளின் முகஜாடையை வைத்துப் பாட்டியின் மூக்கை ஊகிப்பது போலப் படித்தவர்கள் ஊகித்துச் சொன்னது. அர்த்தம், குறுகல், இறுக்கம். வேதத்தில் துன்பத்துக்குச் சொல்லும் 'அம்ஹஸ்' என்ற வார்த்தையும் இந்த வீட்டுப் பிள்ளைதானாம்.

தமிழுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டே தவிர ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நாமும் நெருக்கத்திலிருந்துதான் நெருக்கடி என்கிறோம். சங்கடம் என்று நாம் வாங்கிக்கொண்ட சமஸ்கிருத வார்த்தைக்கும் குறுகிய வழி என்றுதான் முதல் அர்த்தம். மனுஷனுக்குப் பயம் வந்தால் எந்த ஊரிலும் சுவர்தான் கிட்டே வருகிறது போலிருக்கிறது. இப்படியெல்லாம் யோசித்துவிட்டு அட்டையை எழுதிக் கொடுத்தேன், டீ குடிக்கப் போனேன். அவ்வளவுதான் அதற்கு நான் கொடுத்த மரியாதை.

அப்போது நாங்கள் பொம்மனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஹவுஸ் ஓனர் கீழே. ரிடையர் ஆன அரசாங்க ஊழியர், மூன்று தலைமுறைக்கு முன்னால் பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கையகல மனையில் ஓர் அங்குலம்கூட வீணாக்கக் கூடாது என்று அவர் வீட்டைக் கட்டியதில் கடைசியாக இடம் கேட்டது படிக்கட்டு. மிச்சமிருந்த இடத்தில் அது ஒருக்களித்துக்கொண்டு ஏறியது. பாதியில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் மொட்டைமாடிக்குப் போகும் படிகளின் அடிவயிறு தலைக்கு மேல் இறங்கி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு முறை இடித்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு உறவாவார்கள்.

அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் மளிகைக் கடை. கவலைப்படுவது அவருக்கு இரண்டாவது தொழில். மழை வந்தால் சர்க்கரை மூட்டைக்குக் கவலை, வராவிட்டால் வியாபாரத்துக்குக் கவலை. கல்யாணத்துக்கு எனக்குத் தருவதாகச் சொன்ன பீரோவை, நாங்கள் வீடு பார்த்துக் குடியேறிய பிறகு, வைகாசி மாதத்தில் அவரே டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தார். அம்மாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அத்திபெலேயில் நிறுத்திப் பூரி சாப்பிட்டு, வழியெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்தபடி வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பீரோ வெறுமையாக வீட்டுக்குள் போகக் கூடாது. உள்ளே கொஞ்சம் கல்லுப்பு, மஞ்சள், குங்குமம் வைத்து அனுப்புவார்கள். அது சாதாரண அப்பாக்கள். மளிகைக் கடை அப்பா தட்டுத் தட்டாக அரிசி, துவரம்பருப்பு, புளி, வெல்லம் என்று அடுக்கி, மேல் தட்டில் உப்பு ஜாடியையும் குங்குமச் சிமிழையும் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு வேட்டியில் முடிந்து வைத்திருந்தார்.

"சாய்க்கக் கூடாது. உப்பு கொட்டினா நல்லதில்ல. நட்ட வாக்குல தூக்குங்க. கண்ணாடி வீட்டைப் பாத்துப் போகணும்" என்றார் தூக்க வந்தவர்களிடம்.

"ஆகல்லா சார், முடியாது" என்றார் அவர்களில் பெரியவர். பீரோவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன, ஆளா?" என்றும் கேட்டார்.

என் கணவர் ஓசூர் ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். டேப்பை எடுத்துப் படியை அளந்தார், பீரோவை அளந்தார், இரண்டு விரல் இடம் மிச்சம் என்று அறிவித்தார். அவர் அளந்தது அகலத்தை. திருப்பத்தில் இறங்கி நின்ற அடிவயிற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் உலகத்தில் எல்லாரும் பீரோவைச் சாய்த்துத்தான் கொண்டுபோவார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பீரோ கன்னி மூலையில் உட்கார வேண்டும். அப்பாவும் நானும் முன்னால் மாடிக்குப் போய் நின்றோம். ஏறி வந்த அப்பா வாசலில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, லாரியிலிருந்து மூட்டை இறக்கச் சொல்கிற அதே குரலில் மேலேயிருந்து உத்தரவு போட ஆரம்பித்தார். கீழேயிருந்து நான்கு பேர் தள்ளினார்கள். பத்தேகாலுக்குப் பீரோ திருப்பத்துக்கு வந்தது, நின்றது.

"நேரமாவுது! ஒரே தள்ளு!" என்றார் அப்பா.

ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார்கள். இரும்பும் சிமெண்டும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டன. அதன் பிறகு பீரோ மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கால் ஒரு படியில், தலை மேல் படிகளின் அடியில், இரு பக்கமும் சுவர். ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

நானும் அப்பாவும் பார்க்கலாமென்று படியிறங்கினோம். எதிரே நானும் அப்பாவும் படியேறி வந்துகொண்டிருந்தோம். பீரோவின் ஆளுயரக் கண்ணாடி வழியை முழுக்க அடைத்துக்கொண்டு எங்களையே எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "மாமா, அளவெல்லாம் கரெக்ட்டுதான்."

"அப்ப ஏன் மாப்ள நிக்குது?"

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

அதற்கும் பின்னாலிருந்து ஹவுஸ் ஓனர். "ஐயோ, போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சது! ரொம்ப இக்கட்டான படி இது, நான் மொதல்லயே சொன்னேன் அல்வா?" கன்னடத்தில் அல்வா என்றால் அல்லவா, இக்கட்டு என்றால் இடம் குறுகல். தமிழில் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பிறகு அவரே ஆறுதலாக, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. இரும்புதானே, ராத்திரி குளிருல சுருங்கித் தானா எறங்கிடும்" என்றார்.

வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தோம். பால்கனிக்குத் திருடனுக்குப் பயந்து கம்பி அடித்திருந்தது. மொட்டைமாடியிலிருந்து பக்கத்து மாடிக்கு எட்டி வைக்கலாம். அந்த வீடு பாதி கட்டிக் கிடந்தது, அதற்கு இன்னும் படிக்கட்டே வைக்கவில்லை. ஆக, உலகத்தையும் எங்களையும் இணைக்கிற ஒரே பாதையில் என் சீர்வரிசை நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார்.

முகம் வேர்த்துக் கொட்டியது. அன்று அப்படியொன்றும் வெயில் இல்லை. வலது உள்ளங்கையால் நெஞ்சின் நடுவே தேய்த்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. வாயு. அந்தப் பூரியைத் தின்னிருக்கக் கூடாது."

"நெஞ்சு வலிக்குதா?"

"வலின்னு இல்ல. அடைச்ச மாதிரி இருக்குது. பீரோ நிக்குது பாரு, அந்தக் கவலைதான்."

பதற்றமும் மார்வலியும் ஒரு தாய் பிள்ளைகள் என்று அழகாக எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது இரண்டில் எது என் அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன், கையைப் பிடித்துப் பார்த்தேன். கை சில்லென்று இருந்தது. அகராதிக்காரர்கள் எல்லாரையும் மனசுக்குள் திட்டினேன். அவர்களுக்கென்ன, இரண்டும் ஒரே வேர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை அவர்களுக்கு இல்லை.

கண்ணாடியைக் கையால் அறைந்தேன். "அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குது! பீரோவை உடைங்க!"

அந்தப் பக்கம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எங்கள் பக்கம் அப்பா எழுந்துவிட்டார்.

"யாருடி உடைக்கச் சொன்னது? நல்ல நாள் பாத்து வாங்கினது. ஒரு கீறல் விழுந்தாலும் நான் எறங்கி வரமாட்டேன்."

"உடைக்கலேன்னா எப்படிப்பா எறங்குவே?"

நெஞ்சைப் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்தார். கதவைத் திறந்து, சாமானை இறக்கி, பின்பக்கத் தகட்டை மட்டும் வெட்டினால் ஓர் ஆள் உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்று தூக்க வந்த பெரியவர் குரல் கொடுத்தார். பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே நிற்கப்போகிறது, வெளியே தெரியாது என்று நான் சேர்த்துக்கொண்டேன். அப்பா யோசித்தார். கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை.

"மணி என்ன?"

"பத்தே முக்கால்."

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. பன்னெண்டுக்கு மேல பாக்கலாம். மொத மொதல்ல ஆஸ்பத்திரி போறது, ராகு காலத்துல கெளம்பினா திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்."

எனக்கு வந்த கோபம் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. பெற்ற அப்பாவைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பன்னெண்டு மணிக்கு நீ இருப்பியான்னு யாருப்பா சொல்றது?" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. அவர் கை முடிச்சின் மேல் அப்படியே இருந்தது. எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்து ஏமாந்த மனுஷர், ராகு காலத்திடம் மட்டும் ஏமாற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

அப்போது பீரோ பேசியது. அதாவது, என் கணவர் பேசினார்.

"மாமா, உங்க பை எங்க இருக்கு?"

"எந்தப் பை?"

"மஞ்சப் பை. மாத்து வேட்டி, துண்டு வெச்சிருந்தீங்களே."

"கீழ, அவங்க வீட்டு நாற்காலில வெச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"வந்தவொடனே. ஒம்போது இருக்கும்."

"அப்ப பரஸ்தானம் ஆயிடுச்சே மாமா. நல்ல நேரத்துலயே சாமான் வெளிய போயாச்சு. பயணம் ஒம்போது மணிக்கே ஆரம்பிச்சாச்சு. இப்ப நீங்க கெளம்பல, போயிட்டிருக்கீங்க."

கெட்ட நேரத்தில் பயணம் போக வேண்டி வந்தால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் ஒரு துணியையோ பையையோ பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ராகுவைச் சட்டப்படி ஏமாற்றுகிற வழி. அளவு எடுப்பதைத் தவிர இவருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தத் தகடு நடுவில் இல்லையென்றால் அவரைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

அப்பா லேசில் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இந்த வீட்டுக்குள்ளயே வராத பை, எப்படி மாப்ள வெளிய போனதாகும்?"

இது நியாயமான கேள்வி. கீழே கலந்தாலோசித்தார்கள். ஹவுஸ் ஓனர்தான் தீர்ப்பு சொன்னார். "ஐயா, பை இருக்கறது என் வீட்டுல. அடுத்த வீட்டுல சாமான் வெச்சா அது பரஸ்தானந்தான். எங்க தாத்தா தாவணகெரேக்கு மாத்தலாகிப் போனப்பகூட இப்படித்தான். நீங்க தைரியமா பன்னி, வாங்க."

அப்பா முடிச்சை அவிழ்த்தார்.

பூட்டைத் திறந்து சாமானை இறக்கினேன். அரிசி, பருப்பு, புளி என்று படியெல்லாம் மளிகைக் கடையானது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பா, "பருப்பு மேல புளியை வெக்காத, ஈரம் ஏறும்" என்றார். அவசரத்தில் குங்குமச் சிமிழ் கவிழ்ந்து அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டியது. தட்டுகளைக் கழற்றினேன். அந்தப் பக்கம் உளியும் சுத்தியலும் ஆரம்பித்தன. தெருவே கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் இரும்பு கிழிந்து, வெளிச்சம் வந்து, என் பட்டுப்புடவைகள் இருக்க வேண்டிய இடத்தில் என் கணவரின் முகம் தெரிந்தது.

"வாங்க மாமா" என்றார்.

அப்பா வலது காலை எடுத்து வைத்து, குனிந்து, பீரோவுக்குள் போனார். போனவர் நடுவில் நின்றார். எனக்கு உயிரே போயிற்று. உள்ளேயிருந்து குரல் வந்தது. "பின்தகடு ரொம்ப மெலிசு. கெட்டித் தகடுன்னு சொல்லி ஏமாத்திட்டான்."

நானும் பின்னாலேயே நுழைந்து போனேன். ஆட்டோவில் ஓசூர் ரோட்டு நெரிசலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் சட்டையின் குங்குமத்தைப் பார்த்த இரண்டு நர்ஸ்கள் ஆக்சிடென்ட் கேஸ் என்று ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து, ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அடிபட்ட இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காமல் டாக்டர் வெளியே வந்தார். வலி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். என் கணவர் முதலிலிருந்து சொன்னார். டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.

ஹார்ட் அட்டாக்தான். சின்னது. இதயத்துக்குப் போகிற குழாய் ஓர் இடத்தில் ரொம்பக் குறுகிவிட்டது என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். அதற்குள் ஒரு சின்னக் கம்பி வலையை நுழைத்து அகலப்படுத்த வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டோம். செய்தார்கள். பிழைத்தார்.

அந்த நாட்களில் பீரோ படிக்கட்டிலேயே இருந்தது. அதைப் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து வரும் என்றார்கள். சுவரா பீரோவா என்று ஹவுஸ் ஓனர் முடிவுக்கு வருகிறவரை நாங்கள் பீரோ வழியாகத்தான் போய் வந்தோம். பால் பாக்கெட் பீரோ வழியாக வந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது. ராத்திரி என் கணவர் பீரோவை உள்பக்கமிருந்து கயிறு போட்டுக் கட்டிவிட்டு, வீடு பத்திரம் என்று வந்து படுப்பார். நலம் விசாரிக்க கிருஷ்ணகிரியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பழத்தோடு கீழே நின்று கதவு எங்கே என்று கேட்பார்கள், இதுதான் என்போம், செருப்பைக் கழற்றிவிட்டு பயபக்தியோடு பீரோவுக்குள் நுழைவார்கள். அம்மா நுழைந்து வெளியே வந்தவள், "படியைவிட இது நல்லா விசாலமா இருக்குதே" என்றாள்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோது மாடி ஏறக் கூடாது என்றுவிட்டார்கள். ஹவுஸ் ஓனர் தன் முன்னறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நேராக அங்கே போய் உட்கார்ந்தேன். அம்மா மேலே சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இளைத்திருந்தார், ஆனால் மூச்சு சீராக இருந்தது.

"உண்மையைச் சொல்லுப்பா. அன்னிக்குத்தான் மொத தடவையா வந்துதா?"

ஜன்னலைப் பார்த்தார். "இல்லம்மா."

"எப்பத்துல இருந்து?"

"உன் கல்யாணத்துல இருந்து. நீ வண்டி ஏறினே பாரு, அப்ப மார்ல வந்து அடைச்சுது. அப்புறம் அப்பப்ப வரும். மூட்டை தூக்குனா வரும். ஒண்ணும் தூக்காம, சும்மா உன் ரூம் பக்கம் போனாலும் வரும்."

"மாசக்கணக்கா யார்கிட்டயும் சொல்லாம இருந்தியா?"

"என்னன்னு சொல்றது? பொண்ணை அனுப்பிச்சா எல்லா அப்பனுக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். இதை யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மூட்டையில் கைவிட்டு அரிசி பார்க்கிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"கம்பி வெச்சதுல அது சுத்தமாப் போயிடுச்சு. இப்பதாம்மா தனியாத் தெரியுது. இன்னொண்ணு இருக்குது."

"எங்கப்பா?"

"அதே எடந்தான்."

நான் பயந்து எழுந்து, டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்றேன். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இதுக்கு ஒண்ணும் செய்ய வேணாம். இது இருக்கட்டும்" என்றார்.